கடலடி ஏட்டைப் படிப்பவன் யார்?

நெய்யூரில் சென்ற வாரம் கிளைக் கழகக் கூட்டத்தை முடித்துக்கொண்டு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வந்த இளைஞர் ஒருவர், நம் தோளில் கிடந்த கறுப்புச் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். கைப்பேசியை நீட்டினார்.

"அண்ணே, இதைப் பாத்துச் சொல்லுங்க, என்னதுண்ணு?"

பார்த்தோம். கருநீலப் பரப்பு. அடியில் வரப்புக் கட்டியது போலத் தடித்த சிவப்புக் கோடு. அதற்கு மேலே ஆங்காங்கே புருவம் போல வளைந்த கீற்றுகள். நடுவில் மஞ்சளும் பச்சையுமாகப் புகைந்து நிற்கும் ஒரு திட்டு.

"ஸ்கேன் படமா, தம்பி?" என்று கேட்டுவிட்டோம்! நெய்யூரில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாக்கில் வேறென்ன வரும்? கடை முழுவதும் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னது தப்பில்ல அண்ணே. எனக்கு ஊரு குளச்சல். காலையில வீட்டுக்காரியை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டு வந்தேன். டாக்டரம்மா காட்டுன படமும் இது போலத்தான் இருந்துது. இது எங்க படகுல உள்ள எக்கோ சவுண்டர். ரெண்டும் ஒரே வித்தைதான். அந்தம்மாவுக்குக் காலேஜில சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

மழை விட்டது; அவர் போய்விடவில்லை; நாமும் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தத் திரைப்படத்தை - ஆம், கொட்டகையில் ஓடுவதல்ல, கடலடியில் ஓடுவது - அவர் நமக்குப் படித்துக் காட்டினார். மேடையில் பேசும் நாம் வாயை மூடிக்கொண்டு கேட்டோம். கேட்டதை, பிறகு நாமே தேடிப் படித்ததோடு சேர்த்து, இங்கே தருகிறோம். மீன் பிடிப்பவன் மட்டும் படிக்க வேண்டிய சேதி அல்ல இது. ஆலையில், பணிமனையில், வயலில் கருவியோடு கைகோத்து உழைக்கும் எல்லாத் தோழர்களும் படிக்க வேண்டியது.

படிப்பு என்ற சொல்லை நெய்யூர் மண்ணில் நின்று சொல்லும்போது சற்றே நிதானித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தோளில் சீலை போடவே உரிமையற்றுக் கிடந்த பெண்கள் பல்லாண்டு போராடி, அடிபட்டு, 1859-இல் திருவிதாங்கூர் மன்னனிடமிருந்து அந்த உரிமையைப் பறித்தெடுத்த சீமை இது. 1838-இல் லண்டன் மிஷன் சங்கத்தார் இங்கே மருத்துவப் பணியைத் துவக்கினர். எவரெஸ்ட் சிகரம் ஏற 1922-இல் வந்த சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், இந்த ஊரின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்வை உதறிவிட்டு இங்கேயே தங்கினார். 1924-இல் மீண்டும் ஒருமுறை எவரெஸ்டுக்குப் போனவர், திரும்பி வந்தது நெய்யூருக்குத்தான். மதப் பிரசாரம் அவர்களுடைய வேலை. அதில் நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் எழுத்தும் மருந்தும் எல்லோர்க்கும் பொது என்று காட்டினார்களே, அதை மறப்பவன் நன்றி கொன்றவன். இன்னார்தான் படிக்கலாம், இன்னார் படிக்கக் கூடாது என்ற ஏற்பாடு உடைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

உடைந்த அந்த ஏற்பாடு இன்று வேறு உருவில் வருகிறது. கருவி உன் படகில் இருக்கும், தம்பி. கடனும் உன் தலையில் இருக்கும். அதைப் படிக்கும் வித்தை மட்டும் வேறெவனிடமோ இருக்கும்!

அந்தக் கருவியின் பூர்வோத்தரம் சுவையானது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, எதிரே இருப்பதை அறிய முடியாதா என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டே, ஜெர்மானியர் பேம் ஆழம் அளக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பிறகு யுத்தம் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாட வேண்டும் என்பதற்காக, பிரான்சில் லாங்ஜவின் என்ற பேரறிஞர் படிகக் கல்லில் மின்சாரம் பாய்ச்சி, மனிதக் காது கேளாத ஒலியை 1917 வாக்கில் கடலுக்குள் செலுத்தினார். கொலைக்குத் துணைபோக வளர்ந்த வித்தை! அதுவே பின்னாளில் தாயின் வயிற்றில் சிசுவைப் பார்க்கவும், அலையின் அடியில் மீனைப் பார்க்கவும் வந்து சேர்ந்தது.

மீன் காட்டும் கருவியை 1948-இல் தொழிலுக்கு ஏற்றவாறு ஆக்கித் தந்தவர்கள் ஜப்பானில், நாகசாகி வட்டாரத்தைச் சேர்ந்த ஃபுரூனோ சகோதரர்கள். அவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து பிறந்தது தெரியுமா? மீன் இருக்கும் இடத்தில் நீர்க்குமிழி இருக்கும் என்று அனுபவசாலியான ஒரு செம்படவர் சொன்னாராம். குமிழி ஒலியைத் திருப்பி அனுப்புமே, அப்படியானால் மீனையும் ஒலியால் காணலாமே என்று மூளையில் மின்னல் வெட்டியதாம். அந்நிறுவனமே சொல்லும் வரலாறு இது. கருவியின் கருவே கடற்கரைத் தொழிலாளியின் வாய்மொழி! பெட்டியின் மீது நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறது. அந்தச் செம்படவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

சரி, படத்துக்கு வருவோம்.

படகின் அடியில் கைப்பிடியளவு ஒரு வில்லை பொருத்தியிருக்கிறது. அது நொடிக்குப் பலமுறை ஒலித் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 75 மீட்டர் ஆழத்திலுள்ள தரையில் பட்டுத் திரும்பி வர நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். திரும்பி வந்த நேரம் ஆழமாகிறது. திரும்பி வந்த வலிமை நிறமாகிறது. பலத்த எதிரொலி சிவப்பு, தளர்ந்தது மஞ்சள், பச்சை, மிகத் தளர்ந்தது நீலம். இவ்வளவுதான் கருவி செய்யும் வேலை. மற்றது எல்லாம் மனிதன் மூளை செய்யும் வேலை.

முதல் மயக்கம் எங்கே தோன்றுகிறது? திரையில் இடப்பக்கம் தெரியும் மீன் படகுக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று புதியவர் நினைக்கிறார். ஓடி வலை போடுகிறார். ஒன்றுமில்லை! ஏன்? வலது ஓரத்தில் இருப்பதுதான் இந்த நொடி. அது நகர்ந்து நகர்ந்து இடப்பக்கம் போகிறது. இடப்பக்கம் காண்பது இடம் அல்ல, தோழர்களே, காலம்! போய்விட்ட காலம். கடந்துவிட்ட மீன். "இதைத் தெரிஞ்சுக்கிடறதுக்கு எங்களுக்கு எத்தனை லிட்டர் டீசல் ஆச்சுண்ணு நெனைக்கீங்க?" என்றார் அந்தத் தம்பி.

அடுத்தது அந்தப் புருவம். மீன் ஏன் வில்லாக வளைந்து தெரிகிறது? ஒலி நூல் பிடித்தாற்போல நேரே இறங்குவதில்லை. கூம்பாக விரிந்து இறங்குகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தொலைவு அதிகம். நேர் கீழே வரும்போது தொலைவு குறைவு. மறு ஓரம் போகையில் மறுபடி அதிகம். ஆகவே ஏறி இறங்கும் வில். படகு நின்றுகொண்டிருந்தால், அடியில் சும்மா மிதக்கும் சிறு மீனும் நீண்ட கோடாய்த் தெரிந்து, பெரிய மீனோ என்று ஆசை காட்டும். நீளமாய்த் தெரிவது பெரிய மீன் அல்ல. நீண்ட நேரம் நின்ற மீன். சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும்கூட இப்படிச் சிலர் உண்டு. அது வேறு கதை.

தரையைப் படிப்பது அதைவிட நுட்பம். சேறாயிருந்தால் ஒலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கோடு மெலிந்து மங்கும். பாறையாயிருந்தால் பளீரென்று சிவக்கும். சில வேளை இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்றும் தோன்றும்! எதிரொலி மேலே வந்து, நீர்ப்பரப்பிலும் படகடியிலும் மோதி, மீண்டும் கீழே போய் மீண்டும் வந்த பொய்த்தரை அது. 40 மீட்டரில் தரை, 80-இல் ஒரு நிழல் தரை. தெரியாதவன் குழம்புவான், தெரிந்தவன், "அடி கெட்டி, பார் இருக்கிறது" என்று துள்ளுவான். கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர் வைத்த தமிழனுக்குக் கருவி வருவதற்கு முன்பும் பார் தெரியும். கரையில் ஒரு மலைமுகட்டையும் ஒரு கோபுரத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக நிறுத்தி, மறுபக்கம் இன்னோர் இணையைப் பிடித்து, இரு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினான். கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, கைக்கு வரும் அதிர்வில் சேறா மணலா கல்லா என்று சொன்னான். கையால் கேட்ட காது அது!

இந்த இடத்தில் அந்தத் தம்பி ஒரு சூட்சுமத்தை அவிழ்த்தார். மீனுடம்பில் ஒலியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவது சதை அல்ல, எலும்பும் அல்ல, வயிற்றிலுள்ள காற்றுப்பை. சுறாவுக்கு அந்தப் பையே கிடையாது! வரிச்சூரைக்கும் கிடையாது. ஆளைவிடப் பெரிய சுறா படகுக்கு அடியில் போனாலும் திரையில் மெல்லிய கீறல்தான். காற்றுப்பை கொண்ட பொடிமீன் கூட்டமோ செக்கச்செவேலென்று திரையை நிறைக்கும். தூத்தூர் வட்டாரத்துக்காரர்கள் இந்தியாவின் தலைசிறந்த ஆழ்கடல் சுறா வேட்டைக்காரர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அவர்கள் தேடும் மீன் கருவியில் சரியாகத் தெரியாத மீன்! எனவே அவர்கள் திரையில் மீனைத் தேடுவதில்லை. இரை எங்கே, பார் எங்கே, தரை எங்கே சட்டென்று சரிகிறது என்று பார்க்கிறார்கள். இரை இருக்கும் இடத்துக்கு வேட்டைக்காரன் வருவான் என்று கணக்குப் போடுகிறார்கள். வெற்று நீலத்தைப் பார்த்து, "இங்கே இறக்கு" என்பார்கள்.

அந்தியில் இன்னொரு வேடிக்கை. நுண்ணுயிர்ப் படலம் கீழிருந்து மேலே ஏறிவரும். திரையில் தரையே மேலெழுந்து வருவது போல் தோன்றும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-இல், அமெரிக்கக் கடலறிஞர்களே இதைக் கண்டு திகைத்தார்கள். கூட்டம் கூட்டமாய் உயிர்கள் இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்குகின்றன என்று பிறகுதான் விளங்கியது. பக்கத்துப் படகின் கருவியும் அதே அலைவரிசையில் கத்தினால் திரையில் மழைக்கோடு விழும். கடல் கொந்தளித்தால் படகடியில் நுரை புகுந்து படம் அறுந்து போகும். 200 கிலோ ஹெர்ட்சில் வைத்தால் நுணுக்கமாகத் தெரியும், ஆழம் எட்டாது. 50-இல் வைத்தால் ஆழம் எட்டும், நுணுக்கம் போய்விடும். திருகை அதிகம் திருப்பினால் குப்பையெல்லாம் மீன். குறைத்தால் மீனெல்லாம் காணோம்.

இத்தனையையும் அவருக்கு யார் கற்பித்தார்? எவருமில்லை. விற்ற கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். தானே பார்த்துக்கொள்ளும் முறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கையேடு ஆங்கிலம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளை, ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, கடலையும் கூட்டிக் கூட்டிப் படித்து, தவறிப் பிழைத்து, டீசலைக் கொட்டி, ஏச்சு வாங்கிக் கற்றிருக்கிறார். பட்டதாரிகள் இதைப் பட்டறிவு என்று பாராட்டுவார்கள். பாராட்டுக்குச் செலவில்லை அல்லவா! அந்தப் பட்டறிவின் விலை, கரையில் மீன் ஏலம் முடிந்து பங்கு பிரிக்கும்போது தெரியும். டீசல் செலவைக் கழித்த பிறகுதான் தொழிலாளிக்குப் பங்கு. வீணாய் ஓடிய ஒவ்வொரு மைலும் உழைப்பவன் கூலியிலிருந்து ஓடியது.

தமிழில் இதெல்லாம் இயலுமா என்று கேட்கும் மேதைகள் உண்டு. ஐதராபாத்தில் ஒன்றிய அரசின் கடல் தகவல் மையம் இருக்கிறது, இன்காய்ஸ் என்பார்கள். செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பத்தையும் நிறத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்து, அந்த அறிவிப்பைத் தமிழிலும் தருகிறார்கள். வானத்துக் கோள் தமிழ் பேசலாம். படகடி வில்லை பேசக் கூடாதா? ஒரு துறைமுகத்துக்கு ஒரு பயிற்சியாளர், ஒரு பழைய கருவி, தமிழில் நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு. கன்னியாகுமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மாதத்தைவிட வகுப்புக்கு ஏற்ற பருவம் உண்டா? எந்தக் கட்சி ஆண்டாலும் மாநில மீன்வளத் துறை செய்யக்கூடிய காரியம். நம் கட்சிக்காரர்கள் ஆளும்போது இன்னும் உரக்கச் சொல்வோம்.

கருவி மட்டும் போதாது என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே இரத்தச் சாட்சி இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, கரையிலிருந்து வெகுதொலைவில் கிடந்த படகுகளில் ஆழம் காட்டும் திரை ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று காட்டிற்று. மேலே என்ன வருகிறது என்ற சேதி போய்ச் சேரவில்லை. எத்தனை குடும்பங்கள்! அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்கவில்லை. இந்தத் திரையே இழுவைமடிக்காரர் கையில் போனால் என்ன ஆகும்? தரை எங்கே சமம், எங்கே வலை சிக்காது என்று பார்த்து, பாரின் விளிம்பு வரை சுரண்டலாம். தூண்டில்காரன் தலைமுறை தலைமுறையாகக் காத்த இரகசியம், திரையில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டவனுக்கு ஒரே நாளில் சொந்தம். குளச்சல் இளைஞர் இதை மறுக்கவில்லை. "எங்க ஆளுகளும் செஞ்சிருக்காங்க அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவர் அவர் மட்டும் அல்ல. 1952-இல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டு, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, இறால் ஏற்றுமதி டாலருக்காக இழுவைமடியை ஊட்டி வளர்த்தவர்கள் யார்? கட்டுமரத்துக்காரனா மனுப் போட்டுக் கேட்டான்?

இனி டில்லிக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். நாட்டின் வளமான மீன் களங்களுள் ஒன்று. 1974-இல் கச்சத்தீவைக் கைகழுவினார்கள். 1976 மார்ச்சில் கொழும்போடு கடிதம் பரிமாறி, வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு என்று உறுதி செய்தார்கள். இலங்கைக் கப்பல்கள் ஆறுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல், மூன்றாண்டு மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று சலுகை. தீவு போனால் என்ன, திட்டு கிடைத்ததே என்று இன்றும் சமாதானம் சொல்வோர் உண்டு. கிடைத்தது, சரி. கிடைத்தது மீனவனுக்கா? கன்னியாகுமரிக்கு அப்பாலுள்ள ஆழ்கடல் பகுதிகளை எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கு ஒன்றிய அரசு ஏலத்தில் வைத்தது. 2024, 2025 ஆண்டுகளில் கடலோர ஊர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பின.

"அது ஆழ்கடல், அப்பா! மீன் மேட்டுக்கு வெளியே!" என்று வரைபடத்தை விரிப்பார்கள். எண்ணெய் தேடுவது எப்படி? அதுவும் ஒலியால்தான்! காற்றழுத்தத் துப்பாக்கிகளைக் கப்பலின் பின்னே கட்டி இழுத்து, சில நொடிக்கு ஒரு வேட்டு, நாள் கணக்கில், வாரக் கணக்கில். தரையைத் துளைத்து அடியிலுள்ள பாறை அடுக்கு வரை இறங்கும் ஒலி. மீனவன் படகடியில் இருப்பது புல்லாங்குழல் என்றால் இது அதிர்வேட்டு. ஒலிக்கு எல்லைக்கல் தெரியுமா? நார்வே ஆராய்ச்சியாளர்கள் பேரண்ட்ஸ் கடலில் 1992-இல் சோதித்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். வேட்டு வைத்த பிறகு காட், ஹேடக் மீன்களின் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தத் தாக்கம் 18 கடல்மைல் வரை தெரிந்தது. சோதனை ஓய்ந்து ஐந்து நாள் கழித்தும் பழைய நிலை திரும்பவில்லை. நமக்கு விசைப்படகு கற்பித்த அதே நார்வே! வலையை வாங்கியவர்கள் ஆராய்ச்சியையும் வாங்கிப் படித்திருக்க வேண்டாமா?

எண்ணெயே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டீசல் இல்லாமல் விசைப்படகு ஓடாது என்பது நமக்கும் தெரியும். கேட்பது இது: குமரிக் கரையில் படகுக்குப் படகு ஒரு திரை இருக்கிறது. எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன், எங்கே தரை சரிகிறது, எங்கே இரை ஏறுகிறது என்ற குறிப்பு அந்தத் திரைகளின் நினைவிலும், அவற்றைப் படிப்பவர்கள் மூளையிலும் இருக்கிறது. அதைச் சேர்த்து வைத்தால் வாட்ஜ் பேங்க்குக்கு அதைவிடச் சிறந்த படம் எங்கே கிடைக்கும்? ஏலச் சீட்டு அச்சடிப்பதற்கு முன் குளச்சலில், முட்டத்தில், தேங்காய்ப்பட்டணத்தில், தூத்தூரில் எவரிடம் கேட்டார்கள்? ஒலிச் சோதனை எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு தொலைவு தள்ளி, பிடிப்பு குறைந்தால் இழப்பை அளப்பது யார், எந்தக் கணக்கைக் கொண்டு? கரையோர ஊர்களைக் கூட்டி, தமிழில் சொல்லி, தமிழில் பதில் கேட்டு, அந்தப் பதிலைப் பதிவு செய்யும் வரை ஒரு வேட்டும் வெடிக்கக் கூடாது என்பது நம் கோரிக்கை. வட்டக் கழகங்கள் இதைத் தீர்மானமாக்கி அனுப்ப வேண்டும். மீனவர் சங்கத் தோழர்களைக் கேட்காமல் எழுத வேண்டாம்; கச்சான் காற்றுக்கும் வாடைக்கும் வித்தியாசம் தெரியாத நாமே எழுதினால் டில்லிக்காரன் சிரிப்பான்.

புறப்படும்போது அந்த இளைஞரிடம் முதலில் காட்டிய படத்தைத் திரும்பக் கேட்டோம். அந்தப் புகைத் திட்டு என்ன மீன்? "அது மீனில்ல அண்ணே, அந்தியில ஏறுன இரை. அதுக்குக் கீழே வெறும் நீலமா இருக்குல்ல? அங்கதான் தூண்டில் போட்டோம். ரெண்டு சுறா." வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தோம். "தலை கீழ இருக்குண்ணு டாக்டரம்மா காட்டுனாங்க. நானே கண்டுபிடிச்சுட்டேன், அவங்க சொல்றதுக்கு முந்தியே" என்று அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மாலை நெய்யூர்ப் படிப்பகத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி இந்தப் படங்களைக் காட்டி விளக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறோம்.

"கடலு விட்டா வாறேன், அண்ணே" என்றார்.